மூச்சுக் கணக்கு



முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்று பழகியவன் நான். ஆதலின், வானொலியில் பேச வருமாறு அழைப்பு வந்தபோதும், ஒரு பாடம் நடத்தவேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழுந்தது. பழக்கம் எளிதில் விடுவதில்லை அன்றோ! இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது மிக எளிய கணக்கு. இதற்குக் கூட்டலும் பெருக்கலும் வேண்டா. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தெரிந்தால் போதும். கையில் ஒரு கடிகாரமும், ஒரு நிமிடப் பொறுமையும் இருக்கவேண்டும். இத்துணை எளிய கணக்கை உரிய வேளையில் போடத் தவறியதால் எங்கள் வீட்டில் ஓர் இளங்குருத்து கருகிப்போயிற்று. அந்தக் கதையை முதலில் கூறி, அதன் பிறகு பாடத்திற்கு வருகிறேன்.

மதுரை நகரின் மேற்கே, வையையின் தென்கரையை ஒட்டி, மேலக்கால் சாலையில் அமைந்தது எங்கள் கோச்சடை. பாண்டிய மன்னன் கோச்சடையன் ரணதீரனின் பெயரை நினைவூட்டும் ஊர். முத்தையா கோயிலால் சுற்று வட்டாரமெங்கும் அறியப்பட்ட ஊர். இன்று அங்கே மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. நான் இளம் ஆசிரியனாய் இருந்த காலத்தில் வயல்களும் தென்னந்தோப்புகளும் மிகுதி. ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் சாலையில் முழங்கால் அளவு சேறு நிற்கும்.

1988-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். எனக்கு அப்போது வயது 27. என் தங்கை தன் எட்டு மாதக் குழந்தையுடன் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். அவள் கணவர் திருப்பூரில் வேலை பார்த்து வந்தார். வியாழக்கிழமையன்று குழந்தைக்கு மூக்கில் நீர் வடிந்தது. இருமலும் இலேசான காய்ச்சலும் இருந்தன. கற்பூரவல்லிச் சாறு கொடுத்தோம். சனிக்கிழமை காய்ச்சல் ஏறிற்று. குழந்தை பாலை மறுத்தது. "சீர் தட்டியிருக்கு, மந்திரிச்சாச் சரியாப் போகும்" என்றார் என் அன்னையார். அவ்வாறே மந்திரித்துக் கயிறும் கட்டி வந்தோம்.

ஞாயிறு மாலை, அண்டையில் ஊசி போடும் ஒருவரிடம் தூக்கிச் சென்றோம். அவர் முறையாக மருத்துவம் பயின்றவரல்லர் என்பது ஊரறிந்த செய்தி. ஆயினும் அழைத்த குரலுக்கு வருபவர், கடனுக்கும் மருந்து கொடுப்பவர். ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் தணிந்தது. நாங்கள் மகிழ்ந்தோம். காய்ச்சல்தான் தணிந்தது, நோய் தணியவில்லை என்பதை நாங்கள் அறியவில்லை.

அன்றிரவு குழந்தையின் வயிறு துருத்தி போல ஏறி இறங்கிற்று. விளக்கொளியில் என் தங்கை அதைக் காட்டி, "அண்ணே, மூச்சு வேகமா வாங்குறான், ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமா?" என்று கேட்டாள். அவள் கணவருக்குத் தந்தி கொடுத்திருந்தோம்; அவர் வந்துவிடட்டும் என்றார் அன்னையார். கடைசிப் பேருந்து போய்விட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. கையில் இருந்த பணமும் சொற்பம். "விடியட்டும்மா" என்று சொன்னவன் நான். பயிற்சி பெற்ற ஆசிரியன். உடல்நலப் பாடம் நடத்துபவன். கையில் கடிகாரமும் கட்டியிருந்தேன். அந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணவேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் நகரத்து மருத்துவமனை ஒன்றிற்கு ஓடினோம். அங்கே நீண்ட வரிசை. வரிசையில் நிற்போருள் எவரை முதலில் பார்க்கவேண்டும் என்று பிரித்தறிந்து அனுப்புவார் அன்று இல்லை. ஒன்றரை மணி நேரம் நின்றோம். மருத்துவர் குழந்தையின் மார்பைப் பார்த்தவுடன் எழுந்தே விட்டார். பிராணவாயு கொடுத்தார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள். அன்றிரவே குழந்தை இறந்துவிட்டது. "நேற்றைக்கே கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்று அந்த மருத்துவர் கேட்டது சினத்தினால் அன்று, துயரத்தினால். நோயின் பெயர் நிமோனியா, அதாவது நுரையீரல் அழற்சி, என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இனிப் பாடத்திற்கு வருவோம். நிமோனியா என்பது யாது?

நம் நுரையீரலைத் தேனடையோடு ஒப்பிடலாம். அதனுள் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. நாம் உள்ளிழுக்கும் காற்று அந்த அறைகளை அடைகிறது. அவற்றின் மெல்லிய சுவர் வழியே பிராணவாயு குருதியிற் கலக்கிறது. பாக்டீரியாக்களோ வைரசுகளோ நுரையீரலிற் புகுந்து பெருகும்போது, அந்த அறைகளில் சீழும் நீரும் நிறைகின்றன. காற்றிருக்க வேண்டிய இடத்தில் நீர் நின்றால் பிராணவாயு எவ்வாறு குருதியிற் சேரும்? அன்றியும், மென்மையாக விரிய வேண்டிய நுரையீரல் விறைத்துப் போகிறது. ஆழமாக மூச்சிழுக்க இயலாத குழந்தை, சிறு சிறு மூச்சாக விரைந்து விரைந்து இழுக்கிறது. ஆகவே வேக மூச்சு என்பது அந்தச் சிற்றுடல் எழுப்பும் அபாய மணி.

நோய் முற்றினால் இரண்டாம் அறிகுறி தோன்றும். மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பு விரிவதே இயல்பு. இந்நோய் கடுமையான குழந்தைக்கோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே மார்பின் அடிப்பகுதி உட்குழியும். முதியோர் சிலர் இதனைப் பார்த்து, "குழி விழுது" என்று கூறக் கேட்டிருக்கிறேன். கண்ணால் கண்டிருக்கிறார்கள், பொருள்தான் அவர்களுக்கு எட்டவில்லை.

இந்த இரு குறிகளையும் கொண்டே நோயை அறியலாம் என்பது எப்படி உறுதியாயிற்று? எக்ஸ்ரே கருவியும் ஆய்வுக்கூடமும் நகரங்களில்தான் இருந்தன. நோயோ குடிசைகளில் இருந்தது. கருவியின்றி நோயை அறிய ஒரு வழி வேண்டியிருந்தது. பாப்புவா நியூகினி நாட்டில் பணியாற்றிய பிராங்க் ஷான் என்னும் மருத்துவர் முதலியோர் இவ்வழியில் முன்னோடிகள். நம் தமிழ்நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான், மார்க் ஸ்டைன்ஹாப் முதலிய மருத்துவர்கள், சாதாரணச் சளி பிடித்த குழந்தைகளையும் நுரையீரல் நோயுற்ற குழந்தைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். கைக்குழந்தை நிமிடத்திற்கு 50 முறைக்கு மேலும், அதனின் மூத்த குழந்தை 40 முறைக்கு மேலும் மூச்சு வாங்குமாயின், நோய் நுரையீரலைப் பற்றியிருப்பதை அதனைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம் என்று கண்டார்கள். அவர்களுடைய கட்டுரை 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்த ஆண்டு 1988.

அந்த ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் குழந்தை இறந்ததும் 1988-இல்தான். கணக்கு வேலூரில் இருந்தது. கடிகாரம் கோச்சடையில் என் கையில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அறிவு பிறப்பது ஒன்று. அது வேண்டியவர் வாசலை அடைவது மற்றொன்று. கல்வி கற்பவர்கள் இதனை எந்நாளும் மறத்தல் ஆகாது.

இன்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவுகள் இவை: இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் வேக மூச்சு. இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முறையோ அதற்கு மேலோ. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையுள்ள குழந்தைக்கு 40 முறையோ அதற்கு மேலோ. அறுபது, ஐம்பது, நாற்பது என்று படிக்கட்டுப் போல இறங்கும் இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள்வது கடினமன்று. குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாய் இருக்கும்போது, சட்டையை விலக்கி, மார்பும் வயிறும் எழும்பித் தாழ்வதைப் பார்த்து, முழுமையாக ஒரு நிமிடம் எண்ணவேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது பிழை. குழந்தையின் மூச்சு ஒரே சீராய் ஓடுவதில்லை.

இவையன்றி வேறு அபாயக் குறிகளும் உண்டு. குழந்தை பாலோ நீரோ குடிக்க மாட்டாமை, உட்கொண்டதையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினும் எழாத மயக்கநிலை, உதடும் நாவும் நீலம் பாரித்தல் ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் கணக்குப் பார்த்துக்கொண்டிருத்தல் கூடாது. அப்போதே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மிகச் சிறு குழந்தைக்கும் மெலிந்த குழந்தைக்கும் காய்ச்சலே இல்லாமலும் இந்நோய் வரலாம். ஆகவே உடல் சுடவில்லை என்று ஆறுதல் கொள்ளுதல் தகாது.

இந்நோய் எவ்வளவு பெரிது? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 7 லட்சத்து 40 ஆயிரம் பேர் உலகெங்கும் நிமோனியாவால் இறந்தார்கள். அந்த வயதில் இறந்த குழந்தைகளில் இது 14 விழுக்காடு. மருந்தில்லாத நோயென்றால் மனம் ஒருவாறு தேறும். இதற்கோ மருந்து உண்டு. விலை மலிந்த மருந்து. தொடக்கத்திலேயே மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கும். மருந்து இருந்தும் ஏன் இறக்கின்றன? இதுவே நாம் ஆராயவேண்டிய வினா.

வள்ளுவப் பெருந்தகை, 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நால்வகையால் ஆனது என்கிறார். அதற்கு முந்திய குறளிலோ, நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் கருதச் சொல்வதோடு, காலத்தையும் கருதச் சொல்கிறார். நான்கும் ஓரிடத்திற் கூடினாலும் காலம் தவறிக் கூடினால் பயனில்லை. எங்கள் வீட்டில் திங்கட்கிழமை நண்பகலில் நான்கும் கூடின. காலம் மட்டும் கடந்துவிட்டது.

காலம் கடப்பது எங்கெங்கே என்பதை அறிஞர் ஆராய்ந்திருக்கிறார்கள். பேறுகாலத்தில் தாய்மார் இறப்பதைக் குறித்து ஆராய்ந்த சரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்னும் இருவர், 1994-இல் வெளியிட்ட கட்டுரையில், தாமதத்தை மூன்றாகப் பகுத்தார்கள்: மருத்துவம் நாடவேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவ நிலையத்தைச் சென்றடைவதில் தாமதம், சென்றடைந்த பின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். குழந்தை மரணங்களுக்கும் இப்பகுப்பு நன்கு பொருந்துகிறது. எங்கள் வீட்டுக் கதையை இந்த மூன்று தட்டில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, முடிவெடுப்பதில் தாமதம். இதற்கு வேர்கள் பல. இருமலும் சளியும் மழைக்காலத்தில் எல்லாக் குழந்தைக்கும் வருபவை. நூற்றில் பெரும்பாலானவை தாமே ஆறுபவை. ஆகவே ஆறாத ஒன்றைப் பிரித்தறியும் கண் வேண்டும். அந்தக் கண் எங்களுக்கில்லை. சீர், மாந்தம், தோஷம் என்று நாம் வழங்கும் பெயர்கள் நோய்க்கு ஒரு விளக்கம் தந்துவிடுகின்றன. விளக்கம் கிடைத்தவுடன் மனம் அமைதியடைந்து தேடுவதை நிறுத்திவிடுகிறது. என் அன்னையாரை நான் குறை கூறவில்லை. அவர் ஆறு பிள்ளைகளை வளர்த்தவர்; தமக்குத் தெரிந்த நன்மையைச் செய்தார். மந்திரிப்பதால் தீங்கு நேர்ந்தது என்பதைவிட, மந்திரிப்பதற்குச் சென்ற ஒரு நாளால் தீங்கு நேர்ந்தது என்பதே உண்மை. அதுபோலவே கற்பூரவல்லியும் துளசியும் தொண்டைக்கு இதம் தரலாம். நுரையீரலில் நிறைந்த சீழை அவை அகற்றமாட்டா.

மற்றொரு வேர், வீட்டில் யார் சொல் நடக்கிறது என்பது. குழந்தையின் மூச்சு மாறியதை முதலிற் கண்டவள் தாய். அவள் கண்டது சரி, கேட்டதும் சரி. ஆயினும் கணவர் வரவேண்டும், மாமியார் இசையவேண்டும், அண்ணன் தலையசைக்கவேண்டும் என்று அவளுடைய சொல் வரிசையில் நின்றது. மருத்துவமனை வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம் என்றேன். வீட்டு வரிசையில் என் தங்கை ஓர் இரவு முழுவதும் நின்றாள். நோயுற்றது பெண் குழந்தையாயின் இவ்வரிசை இன்னும் நீள்கிறது என்பதை இந்தியாவின் பல பகுதிகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. இது நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி.

தவறான வாசலைத் தட்டுவதும் தாமதமே. தகுதியற்றவர் இடும் ஊசி காய்ச்சலைச் சற்றே இறக்கிப் பொய்யான நிம்மதியைத் தருகிறது. மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் இருமல் மருந்து நிமோனியாவைக் குணப்படுத்தாது. சில வேளை தீங்கும் இழைக்கும். 2025-ஆம் ஆண்டில், நச்சுப் பொருள் கலந்த இருமல் மருந்தை உட்கொண்ட குழந்தைகள் பலர் மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை நாடே அறியும். அம்மருந்து நம் தமிழ்நாட்டிலுள்ள ஆலையிலிருந்து சென்றது என்பது நம் தலையைக் குனியச் செய்தது.

இரண்டாவது, சென்றடைவதில் தாமதம். கோச்சடையிலிருந்து நகரம் தொலைவில் இல்லை. பகலில் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம். ஆனால் தொலைவு என்பது கல்தொலைவு மட்டுமன்று. இரவு ஒரு தொலைவு. மழை ஒரு தொலைவு. கையிற் பணமின்மை எல்லாவற்றினும் நெடுந்தொலைவு. அன்றாடக் கூலியில் வாழ்பவர்க்கு மருத்துவமனைக்குச் செல்லும் ஒரு நாள் என்பது அடுப்பு எரியாத ஒரு நாளும் ஆகும். வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் யார் என்ற கவலையும் தாயின் காலைக் கட்டும்.

மூன்றாவது, சென்றடைந்த பின் நேரும் தாமதம். மருத்துவமனை வாசலை அடைவது மருத்துவத்தை அடைவது ஆகாது. உயிருக்குப் போராடும் குழந்தையும், சாதாரணச் சளிக்கு வந்த குழந்தையும் ஒரே வரிசையில் நிற்குமாயின், வரிசை நேர்மையானது போலத் தோன்றினும் நீதியானதன்று. வந்தவுடன் மூச்சை எண்ணி, விரலில் சிறு கருவியை மாட்டிக் குருதியிலுள்ள பிராணவாயுவின் அளவைப் பார்த்து, ஆபத்திலுள்ள குழந்தையை முதலில் உள்ளே அனுப்பும் ஏற்பாடு இருந்தால் பல உயிர்கள் காக்கப்படும். அந்த அளவு 90 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கிய குழந்தைக்குப் பிராணவாயு கட்டாயம் வேண்டும்.

இத்தடைகள் மாற்ற முடியாதவையோ? அல்ல. மகாராட்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டம் காடு அடர்ந்தது, வறுமை மிகுந்தது. அங்கே அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர், கிராமத்து மருத்துவச்சிகளுக்கும் நலப் பணியாளர்களுக்கும் மூச்சை எண்ணக் கற்பித்தார்கள். அவர்களுள் பலருக்கு ஐம்பது வரை எண்ணத் தெரியாது. எனவே ஓர் எளிய கருவி செய்தார்கள்: ஒரு நிமிட மணற்கடிகாரம், அதனருகே கம்பியிற் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளவேண்டும். மணல் வடிந்து முடியுமுன் சிவப்பு மணியைத் தள்ள நேர்ந்தால் நிமோனியா. அவர்களே மருந்தும் கொடுத்தார்கள். அம்முயற்சி நடந்த ஊர்களில் நிமோனியாவால் நேரும் குழந்தை மரணம், நடவாத ஊர்களை நோக்கப் பாதிக்கும் குறைவாயிற்று. இதுவும் 'லான்செட்' இதழில் 1990-இல் வெளிவந்தது. எழுத்தறியாத கைகள் மணிகளைத் தள்ளிக் குழந்தைகளைக் காத்தன. எழுத்தறிந்த என் கை சும்மா இருந்தது.

நம் நாட்டிலும் மாநிலத்திலும் காலம் மாறியிருக்கிறது என்பதையும் கூறவேண்டும். 1992-இல் தொடங்கிய நடுவண் அரசின் குழந்தை உயிர்காப்புத் திட்டத்தில் மூச்சை எண்ணும் முறை இடம்பெற்றது. 1990-களின் நடுவிலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வாயிலாக, அரசு நிலையங்களுக்கு இன்றியமையா மருந்துகள் சென்று சேர்கின்றன. 2008 முதல் 108 என்னும் எண்ணை அழைத்தால் இரவிலும் மழையிலும் ஊர்தி வருகிறது, அதற்குக் கட்டணமில்லை. நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளுள் ஒன்றை எதிர்க்கும் மருந்தடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, 2011 இறுதியில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதன்முதலாகத் தொடங்கிற்று. நிமோகாக்கஸ் என்னும் மற்றொரு கிருமிக்கான தடுப்பூசி 2021-இல் நம் மாநிலத்தில் இலவசத் திட்டத்திற் சேர்ந்தது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று முறை இடப்படுகிறது. ஆயிரம் குழந்தை பிறந்தால் ஓராண்டு நிரம்புமுன் இறப்பவை தமிழ்நாட்டில் 2005-இல் 37, 2020-இல் 13. இது சிறிய சாதனையன்று. எனினும் அந்தப் பதின்மூன்றில் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் முழுத் துயரம் என்பதை நான் அறிவேன்.

ஊர்தி அழைத்தால்தான் வரும். அழைக்கவேண்டும் என்பதை அறியும் கண் வீட்டிற்குள்ளேதான் இருக்கவேண்டும். அந்தக் கண் மாணவர்களாகிய உங்களுடையதாக ஏன் இருத்தல் கூடாது?

1990-களின் இறுதியில் நான் அறிவியல் ஆசிரியனாய் இருந்தபோது, சுவாச மண்டலப் பாடம் வரும்போதெல்லாம் இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதுவேன். தேர்வுக்கு வராது என்றும் சொல்லிவிடுவேன். ஒரு கார்த்திகை மாதக் காலைப்பொழுதில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மணியடிப்பதற்கு முன்பே வந்து என் அறை வாசலில் நின்றாள். "ஐயா, தம்பிக்கு ஏழு மாசம். அம்பத்தெட்டு வருது. மூணு தடவை எண்ணிட்டேன். அம்மா வெறும் சளின்னு சொல்றாங்க" என்றாள். நான் அவளுடன் சென்று மீண்டும் ஒரு முறை எண்ணினேன். அவள் கணக்கில் பிழையில்லை. அன்று காலையிலேயே குழந்தையை அரசு மருத்துவரிடம் கொண்டு சேர்த்தோம். ஐந்து நாள் உள்நோயாளியாய் இருந்து தேறி வீடு திரும்பிற்று. நான் செய்தது ஒன்றுமில்லை. அச்சிறுமி மூன்று முறை எண்ணினாள். சிரிப்பார்களோ என்று அஞ்சாமல் சொன்னாள். அறிவோடு அந்தத் துணிவும் சேரவேண்டும்.

தங்கை அச்செய்தியைக் கேட்டபோது சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு யாரு அண்ணே சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. அவளுக்கு விடை தெரியும்.

நோய் வருமுன் காத்தலும் நம் கடமையே. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே தருதல், தடுப்பூசிகளை நாள் தவறாது இடுதல், குழந்தை இருக்கும் அறையில் அடுப்புப் புகையும் பீடி, சிகரெட்டுப் புகையும் புகாமற் காத்தல், கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் ஆகியவை நோயைப் பெரிதும் குறைக்கும். மருத்துவர் தரும் மருந்தைக் காய்ச்சல் விட்டவுடன் நிறுத்திவிடாமல், சொன்ன நாள் முழுவதும் கொடுத்தல் வேண்டும். இரண்டு நாளில் குணம் தெரியாவிடினும், இடையில் மூச்சு இன்னும் விரைந்தாலும், உடனே மீண்டும் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

நிறைவாக, ஆசிரியன் என்ற முறையில் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்று நலமாக உறங்கிக்கொண்டிருந்தால், இன்றிரவு அதன் அருகில் அமர்ந்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். நலமான மூச்சு எப்படியிருக்கும் என்று கண்டவர்க்கே நலமற்ற மூச்சு விளங்கும். எண்ணியதை அக்குழந்தையின் தாயிடம் சொல்லுங்கள். அறுபது, ஐம்பது, நாற்பது என்னும் கணக்கையும் சொல்லிக்கொடுங்கள். என்றாவது ஓர் இரவு, அந்தத் தாய், "மூச்சு வேகமா வாங்குது" என்று சொன்னால், 'விடியட்டும்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.